ஆடிப் பட்டம் மொரீசியசில் எந்த மாதம்?

கட்ர் போர்ன் ஆசிரியர்:

அன்பர்களுக்கு வணக்கம். நான் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் கிரியோல் பேசி வளரும் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மணி நேரம்தான் தமிழ் காதில் விழுகிறது என்பதால், ஒவ்வொரு நாளும் கரும்பலகையின் மேல் ஓரத்தில் ஒரு பழமொழியையோ குறளையோ எழுதி வைப்பதை நெடுங்காலமாக வழக்கமாக்கிக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை அன்றைய நாளை ஊக்கத்தோடு தொடங்கினால் போதும் என்பதே என் எண்ணம்.

ஆடி பிறந்து சில நாள்களாகிவிட்டன என்பதால், சென்ற வாரம் "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று எழுதினேன். காவிரியில் புதுவெள்ளம் வருவதையும் ஆடிப்பெருக்கையும், பின்னால் வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பி உழவர்கள் விதைப்பதையும் விளக்கினேன். முடித்ததும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தி, "ஐயா, ஆடி என்றால் ஜூலை, ஆகஸ்ட் என்றீர்கள். அப்போது இங்கே குளிர்காலம். என் தாத்தா கரும்பு வெட்டப் போவாரே தவிர எதையும் விதைக்க மாட்டார். அப்படியானால் இந்தப் பழமொழி பொய்யா?" என்று கேட்டாள்.

பொய்யில்லை, நம் முன்னோர் ஊருக்கு அது மெய் என்று அப்போதைக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பிறந்த பிள்ளைக்கு, வடக்கே விளைந்த மூதுரையை அறிவுரையாகக் கொடுப்பது சரிதானா? மூதுரைகள் பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கின்றனவா, அல்லது சிந்திக்கும் வேலையை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கின்றனவா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மலைச்சாரல்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அந்தச் சிறுமியின் கேள்வி மிகச் சரியானது. இருந்தாலும் பழமொழியை அவ்வளவு விரைவாகக் கைவிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அதிலே "ஆடி" மட்டுமா இருக்கிறது? "தேடி" என்றும் ஒரு சொல் இருக்கிறது. விதைப்பதற்கு உரிய பருவம் தானாக வந்து கதவைத் தட்டாது, அதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அதன் உயிர். மண்ணும் மழையும் மாறினால் தேடலின் விடையும் மாறும்.

கப்பலேறி இங்கு வந்த நம் முன்னோர் இதைத்தானே செய்தார்கள்? தைப்பூசக் காவடியை இன்றும் நாம் தை மாதத்தில்தான் எடுக்கிறோம், ஆனால் இங்கே அது கடும் வெயிலும் புயல் அச்சமும் உள்ள காலம். மாதத்தின் பெயரை வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஏற்பப் பழகிக்கொண்டார்கள்.

கணக்கன்:

மலைச்சாரல் அம்மாவின் விளக்கம் அழகாக இருக்கிறது. எனக்கு உறுத்துவதும் அந்த அழகுதான். "ஆடி" பொருந்தவில்லை என்றதும் "தேடி"யில் போய் ஒளிந்துகொள்கிறோம். "தேடி"யும் பொருந்தாவிட்டால் "விதை" என்பது விதையையே குறிக்காது, நற்செயலைக் குறிக்கும் என்போம். எந்த நிலையிலும் பிழைபடாதபடி ஒரு பழமொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் அது எதையுமே சொல்லாத மொழியாகிவிடும். ஓர் உழவனுக்கு அந்தச் சொல் பயன்பட்டதே, அது தவறாகவும் இருக்கக்கூடும் என்பதால்தான். ஆடியில் விதைத்து விளையவில்லை என்றால் அவன் அடுத்த ஆண்டு அதைக் கேட்டிருக்க மாட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கைப்பேசியில் காலையில் வந்து விழும் பொன்மொழிகளில் பாதி ஐன்ஸ்டைன் பெயரிலும் மீதி அப்துல் கலாம் பெயரிலும் இருக்கின்றன. அவர்கள் எங்கே, எப்போது அதைச் சொன்னார்கள் என்று கேட்டால் அனுப்பியவருக்குக் கோபம் வருகிறது. ஊக்கம் தரும் சொல்லைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் எப்படியோ வேரூன்றிவிட்டது. "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" என்ற குறளைக்கூட, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கத்தான் பழக்குகிறோம்.

காட்டுவழி:

வணக்கம். நான் நீண்ட காலம் காட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்துப் பழக்கம் குறைவு. கணக்கன் தம்பி சொன்னதற்கு நம் தீவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் ஊக்கப் பேச்சு ஒன்றைக் கேட்டேன். பேசியவர் நன்றாகப் படித்தவர். நம் டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டில் அழிந்த பிறகு, தம்பலக்கோக் மரத்தின் விதை முளைப்பதே நின்றுவிட்டது என்றும், அந்தப் பறவையின் வயிற்றுக்குள் அரைபட்டு வெளியே வந்தால்தான் அதன் கல் போன்ற ஓடு திறக்கும் என்றும், ஆகவே ஓர் உயிர் இல்லாமல் இன்னோர் உயிர் இல்லை என்றும் சொன்னார். அரங்கமே கைதட்டியது. நான் தட்டவில்லை. ஏனென்றால் டோடோவின் உதவி இல்லாமல் முளைத்த தம்பலக்கோக் நாற்றை நான் கையால் தொட்டிருக்கிறேன்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1977இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 13 மரங்களே எஞ்சியுள்ளன, அவை எல்லாம் 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, டோடோ போனதிலிருந்து விதை முளைக்கவில்லை என்பது அவர் வாதம். டோடோ இல்லாததால் வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை ஊட்டினார். 7 நொறுங்கிவிட்டன. வெளியே வந்த 10 கொட்டைகளை நட்டதில் 3 முளைத்தன. அவர் அறிவில் நான் குறை சொல்லவில்லை, வான்கோழி யோசனை உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. ஆனால் வான்கோழி விழுங்காத கொட்டைகளையும் பக்கத்திலே நட்டு வைத்து, அவை முளைக்கின்றனவா என்று அவர் பார்க்கவில்லை. எந்த நாற்றங்கால் காவலாளியும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

1979இல் நம் வனத்துறையைச் சேர்ந்த ஓவாடலி அதே இதழில் மறுப்பு எழுதினார். விழுங்கப்படாத கொட்டைகளும் முளைக்கும் என்பது 1941இலேயே வெளிவந்த ஓர் ஆய்வில் காட்டப்பட்டிருந்தது. அந்தக் கொட்டைக்கு இயற்கையாகவே ஒரு விளிம்புக் கோடு உண்டு. உள்ளே முளை பருக்கும்போது ஓடு அந்தக் கோட்டில் மூடி திறப்பதுபோலப் பிளக்கும். எஞ்சிய மரங்கள் 13 மட்டும் அல்ல, இளைய மரங்களும் உண்டு. தெளிவான ஆண்டு வளையங்கள் இல்லாத மரத்தின் வயதை 300 என்று சொல்வதும் எளிதன்று. மரம் குறைந்துபோனதற்குக் காரணம் கேட்டால், வெளியிலிருந்து வந்த பன்றியும் குரங்கும், காட்டை மூடிக்கொள்ளும் அயல் செடிகளும்தான் என்று காட்டுக்குள் நடந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் பன்றியைப் பற்றிப் பேசினால் யார் கைதட்டப் போகிறார்கள்?

மலைச்சாரல்:

காட்டுவழி ஐயா, இதைப் படித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்த டோடோ கதையை நான் நூலகத்தில் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நம் தீவைப் பற்றிய உண்மை நம் தீவுக்காரர் ஒருவரால் 1979இலேயே எழுதப்பட்டிருக்க, வெளியே போய்ச் சுற்றி வந்த கதைதான் என்னை எட்டியிருக்கிறது.

எனினும் ஒரு கேள்வி. அந்தக் கதை தவறு என்றாலும், உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்ற அதன் உட்கருத்து தவறாகிவிடுமா?

காட்டுவழி:

தவறாகாது அம்மா. மகேபூர் அருகே உள்ள இல் ஓ ஸெக்ரெத் தீவுக்கு நீங்கள் போனால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் பழைய நில ஆமைகள் அழிந்துவிட்டதால், அல்டாப்ரா என்ற பவளத்தீவிலிருந்து பெரிய ஆமைகளைக் கொண்டுவந்து அங்கே உலவ விட்டிருக்கிறார்கள். கருங்காலிப் பழத்தை அவை தின்று, விதையைத் தீவெங்கும் போட்டுவிட்டுப் போகின்றன. அவற்றின் வயிற்றுக்குள் போய்வந்த விதை நன்றாக முளைக்கிறது என்பதைச் சோதித்தே கண்டிருக்கிறார்கள். உட்கருத்து ஆமை விஷயத்தில் மெய், டோடோ விஷயத்தில் நிறுவப்படவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

செந்தாந்த்ரே வாசி:

அண்டைத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். தமிழ் வழிவந்த எங்களை இங்கே மல்பார் என்பார்கள். நான் தமிழை ஓய்வு நேர வகுப்பில் கற்றவன், பிழை இருந்தால் திருத்துங்கள். இந்த இழையில் ஒருவர் பெயர் வராமல் போனால் எங்கள் தீவுக்கே குறை.

வனிலாக் கொடி மெக்சிகோவுக்கு உரியது. 1820ஆம் ஆண்டை ஒட்டி எங்கள் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. கொடி செழித்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. மகரந்தம் உள்ள பகுதிக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் தடுப்புபோல இருக்கிறது. மெக்சிகோவில் பூச்சிகள் செய்யும் வேலையைச் செய்ய இங்கே எதுவும் இல்லை. போதாததற்கு அந்தப் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். 1836இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பூக்களுக்குச் செய்யக்கூடிய எளிய முறை கிடைக்கவில்லை.

1841இல் அதைக் கண்டுபிடித்தவன் எத்மோன் என்ற 12 வயதுச் சிறுவன். சேன்ட் சுசான் ஊரில் அடிமையாகப் பிறந்தவன். அவனைப் பெற்றதும் தாய் இறந்துவிட்டாள். உரிமையாளரான பெல்லியே போமோன் செடிகளில் ஆர்வம் உள்ளவர், சிறுவனைத் தோட்டத்தில் தம்முடனேயே வைத்திருந்தார். பூசணிக் குடும்பத்துக் கொடி ஒன்றில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் சேர்ப்பது எப்படி என்று அவனுக்குக் காட்டியவரும் அவர்தான். ஒருநாள் தோட்டத்தில் நடந்தபோது, எத்தனையோ ஆண்டுகளாகக் காய்க்காத வனிலாக் கொடியில் காய் தொங்குவதைப் பார்த்தார். நான்தான் செய்தேன் என்றான் பையன். அவர் நம்பவில்லை. சில நாள் கழித்து இன்னும் காய்கள் தென்படவே, செய்து காட்டச் சொன்னார். மூங்கில் சிம்பால் மடலைத் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்தினான். இன்றும் மடகாஸ்கர் உட்பட வனிலா பயிராகும் இடங்களில் பூவுக்குப் பூ இதே கைவேலைதான் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் எங்கள் சிறு தீவு மெக்சிகோவையே விஞ்சிவிட்டது.

ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு இதில் விடை இருக்கிறது என நினைக்கிறேன். அந்தச் சிறுவனுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை என்பது உண்மையன்று. பூசணிப் பூவைச் சொல்லித் தந்தார்கள். ஆனால் வனிலாவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன, நடுவே தடுப்பு வேறு. சொல்லித் தந்ததை அப்படியே ஒப்பித்திருந்தால் ஆண்பூவைத் தேடி அலைந்திருப்பான். அவனோ பூவைத் திறந்து பார்த்தான்.

கணக்கன்:

அந்தச் சிறுவனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் எழுதியிருக்கலாமே அண்ணா. இதே கதையை ஊக்கப் பேச்சாளர்கள் "வறுமை ஒரு தடையல்ல" என்று முடிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

செந்தாந்த்ரே வாசி:

நியாயமான கேள்வி. 1848 டிசம்பர் 20ஆம் தேதி எங்கள் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்களுக்குக் குடும்பப் பெயர் சூட்டப்பட்டபோது அவருக்கு அல்பியுஸ் என்ற பெயர் கிடைத்தது. வெண்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதை எடுத்தார்கள் என்பார்கள். வனிலாவால் வந்த செல்வத்தில் அவருக்குப் பங்கில்லை. பின்னர் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். தீவின் பெயர்பெற்ற தாவரவியலாளரான ரிஷார், அந்த முறையைத் தாமே முன்பு இங்கு காட்டியதாகச் சொல்லிக்கொண்டார். கண்டுபிடித்தவன் எத்மோன்தான் என்று பெல்லியே போமோன் கடிதம் எழுதி வாதாடியிருக்காவிட்டால் இன்று நமக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. 1880இல் வறுமையிலேயே இறந்தார். இப்போது சிலை இருக்கிறது.

ஆகவே வறுமை தடையல்ல என்று யாரும் இதை வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். அவருக்கு அது தடையாகத்தான் இருந்தது.

டர்பன் கடலோரம்:

தென்னாப்பிரிக்காவிலிருந்து வணக்கம். மூதுரை எல்லாம் பழையதாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடே இந்த இழை போகிறதோ என்று தோன்றுகிறது. எங்கள் ஊரில் ஒரு சொல் பிறந்த கதை அச்சில் இருக்கிறது. டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் பதிவுச் சட்டத்தை எதிர்த்தபோது, அந்தப் போராட்டத்துக்கு வழங்கிய ஆங்கிலப் பெயர் காந்திக்குப் பிடிக்கவில்லை. அது எளியவர்களின் கையாலாகாத முணுமுணுப்புபோல ஒலித்தது. உடனே அவர் பழைய நூல்களைப் புரட்டிக்கொண்டு உட்காரவில்லை. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வாசகர்களிடமே நல்ல பெயர் கேட்டுப் பரிசும் அறிவித்தார். காந்தியின் உறவினரான மகன்லால் காந்தி "சதாகிரகம்" என்று எழுதி அனுப்பினார். அதைக் கொஞ்சம் திருத்திச் "சத்தியாகிரகம்" ஆக்கினார் காந்தி. இன்று அது ஏதோ வேதகாலச் சொல்போல ஒலிக்கிறது. போட்டிக்கு வந்த சொல், அதிலும் திருத்தப்பட்ட சொல்!

மொரீசியஸ் அன்பர்களுக்கு இன்னொரு செய்தி. அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற தம்பி நாயுடு 1875இல் உங்கள் தீவில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லாதவர் என்றும், அனுபவமே அவருக்கு ஆசிரியர் என்றும் காந்தியே எழுதியிருக்கிறார். ஆங்கிலம், தமிழ், இந்துஸ்தானி, கொஞ்சம் தெலுங்கு, அவற்றோடு உங்கள் கிரியோலும் அவருக்குத் தெரியும். 1908 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் சிறையிலிருந்து டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்குப் போன சமரசக் கடிதத்தில் கையொப்பமிட்ட மூவரில் அவரும் ஒருவர். மற்ற இருவர் காந்தியும் சீனர் தலைவர் லியுங் க்வினும். அதற்கடுத்த மாதம் காந்தி தாக்கப்பட்டபோது அடிகளைத் தம்மேல் வாங்கியவரும் அவரே. சொந்தமாக யோசிப்பதற்குப் பட்டம் வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரிடம் நான் இவரைத்தான் சொல்வது வழக்கம்.

இடையில் ஒரு சிறு குறிப்பு: ரொட்டியின் நடுவைத் தோண்டி எடுத்துவிட்டு அதில் குழம்பை ஊற்றிக் கொடுக்கும் எங்கள் டர்பனின் 'பன்னி சவ்' என்ற உணவுக்கு எந்த மூதுரையும் துணை வந்ததாகத் தெரியவில்லை. தட்டு இல்லாமல் குழம்பை எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தோண்டி எடுத்த ரொட்டியையே தொட்டுச் சாப்பிடலாம் என்பதைக் கண்டவருக்கு நான் தனியாக ஒரு வணக்கம் வைக்கிறேன்.

மலைச்சாரல்:

கணக்கன் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. "தேடி"யில் நான் ஒளிந்துகொண்டதாகச் சொன்னீர்கள். ஒத்துக்கொள்கிறேன். காய்கறி பயிரிட்டுப் பழகிய என் அண்ணனிடம் நேற்று கேட்டேன். அவர் சொன்னது நம் இருவருக்குமே பொருந்தாது. மேட்டு நிலப் பகுதிகளில் உருளைக்கிழங்கு, கோசு, காரட் போன்றவற்றுக்குக் குளிர்காலம்தான் உகந்தது என்றும், நீர் பாய்ச்ச வசதி இருந்தால் ஆடியில் நிலம் சும்மா கிடக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். மழையை மட்டும் நம்பி விதைப்பவருக்கோ ஆடி உதவாது, நவம்பருக்குப் பிறகுதான். ஆகவே அந்தச் சிறுமியின் தாத்தா விதைக்காததற்குக் காரணம் மாதம் மட்டுமன்று, அது கரும்பு வெட்டும் காலம் என்பதும்தான்.

கணக்கன்:

இதைத்தான் அம்மா நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பழமொழிக்கு உரை எழுதுவதைவிட உங்கள் அண்ணனிடம் கேட்டது பெரிய வேலை.

கட்ர் போர்ன் ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து மீண்டும் எழுதுகிறேன், அதற்குள் வகுப்பில் சில நடந்தன.

அந்தச் சிறுமியிடம், நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டேன் என்று வகுப்பின் முன்பாகவே ஒப்புக்கொண்டேன். பிறகு பழமொழியை அழிக்காமல், அதன் கீழே "இங்கே?" என்று ஒரே ஒரு சொல்லை எழுதினேன். வீட்டில் உள்ள பெரியவர்களிடம், எந்தப் பயிரை எந்த மாதம் விதைத்தார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். பதில்கள் பெரும்பாலும் கிரியோலில் வந்தன. அவற்றைத் தமிழில் எழுத வைத்ததிலேயே ஒரு வாரத் தமிழ்ப் பாடம் முடிந்துவிட்டது. ஒரு பாட்டி மாதத்தின் பெயரே சொல்லாமல், "முதல் பெரிய மழை பெய்து மண் உள்ளே வரை நனைந்த பிறகு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆடி முடிவதற்குள் ஒரு தொட்டியில் அவரைக் கொட்டைகளை விதைத்தோம். நவம்பரில் இன்னொரு தொட்டியில் விதைப்பதாகத் திட்டம். காட்டுவழி ஐயாவின் வான்கோழிக் கதையை அவர்களிடம் சொன்னபோது, ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் இரண்டு தொட்டிக்கும் ஒரே மண்ணைப் போட வேண்டும் ஐயா, இல்லாவிட்டால் மாதமா மண்ணா என்று தெரியாது" என்றான். எனக்கு அது தோன்றவில்லை. நவம்பர்த் தொட்டிக்கான மண்ணை அதே குவியலிலிருந்து எடுத்து, சாக்கில் கட்டி, என் மேசையின் கீழே வைத்திருக்கிறோம். துப்புரவுப் பணியாளர் அதை எறிந்துவிடாமல் இருக்கப் பிள்ளைகள் அதன்மேல் தமிழிலும் கிரியோலிலும் ஓர் அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.